வகுப்பறையில் கூட்டு ஆவணம்: அறிகுறியிலிருந்து காரணத்திற்கு

வகுப்பு முழுவதும் ஒரே இணைய ஆவணத்தில் ஒரே நேரத்தில் எழுதும் பாடவேளையில் ஏதேனும் பழுது நேர்ந்தால், அதைச் சரிசெய்ய ஆசிரியருக்குக் கிடைப்பது இரண்டு மூன்று நிமிடங்கள்தாம். அதற்குள் சரியாகாவிட்டால் மாணவர்களின் கவனம் எழுதவேண்டிய பொருளை விட்டுக் கருவியின் மேல் போய்விடும். அதனால் இந்த வழிமுறை கருவியின் வசதிகளை வரிசையாக விளக்காமல், வகுப்பில் கண்ணுக்குத் தெரியும் அறிகுறியிலிருந்து தொடங்கிக் காரணத்தைத் தேடிச் செல்கிறது. எடுத்துக்காட்டுகள் பெரும்பாலும் கூகுள் டாக்ஸைச் சார்ந்தவை; மைக்ரோசாஃப்ட் வேர்டு வேறுபடும் இடங்களை மட்டும் தனியே குறிப்பிடுகிறேன்.

பல ஆண்டுகள் இவ்வாறு பாடம் நடத்தியதில் ஒன்றை உறுதியாகச் சொல்வேன். கருவியின் கோளாறு என்று தோன்றுபவற்றுள் பெரும்பகுதி, யார் எந்த இடத்தில் எந்த உரிமையோடு எழுதுவது என்பதை இணைப்பை அனுப்புவதற்கு முன் நாம் முடிவு செய்யாமல் விட்டதன் விளைவு. ஆகவே ஒவ்வொரு அறிகுறிக்கும் உடனடித் தீர்வோடு, அடுத்த வகுப்பில் அது வராமலிருக்கச் செய்யவேண்டியதையும் சேர்த்தே எழுதியிருக்கிறேன்.

எந்த அறிகுறியானாலும் முதலில் ஒரு கேள்வியைக் கேளுங்கள்: இது எத்தனை பேருக்கு நேர்கிறது? ஒருவருக்கு மட்டும் என்றால் அவருடைய கணக்கையோ சாதனத்தையோ பாருங்கள். எல்லாருக்கும் என்றால் பகிர்வு அமைப்பையோ பள்ளியின் இணைய இணைப்பையோ பாருங்கள். சிலருக்கு மட்டும் நேர்ந்தால் அந்தச் சிலருக்குப் பொதுவாக இருப்பது எது என்று தேடுங்கள். அவர்கள் எல்லாரும் கைப்பேசியில் இருக்கலாம், ஒரே மூலையில் அமர்ந்திருக்கலாம், அல்லது வீட்டுக் கணக்கில் நுழைந்திருக்கலாம். கைகளை உயர்த்தச் சொல்லி எண்ணிப் பார்க்கப் பத்து விநாடி போதும். அந்தப் பத்து விநாடியைச் செலவிடாமல் முதலில் கூப்பிட்ட மாணவரின் திரையை நோக்கி ஓடுவதுதான் நாம் வழக்கமாகச் செய்யும் தவறு.

அறிகுறி: இணைப்பைத் திறந்தால் ‘அணுகல் தேவை’ என்று வருகிறது

வகுப்பு முழுவதற்கும் இது வந்தால், ஆவணத்தின் பகிர்வு இன்னும் ‘கட்டுப்படுத்தப்பட்டது’ என்ற நிலையிலேயே இருக்கிறது என்று பொருள். புதிதாக உருவாக்கும் தனிக் கோப்பு ஒன்றை, நாம் மாற்றும் வரை, உருவாக்கியவரைத் தவிர வேறு எவரும் திறக்க முடியாது. ‘பகிர்’ பொத்தானை அழுத்தி, பள்ளிக் கணக்கு உடையவர்கள் மட்டும் திறக்கலாம் என்றோ, இணைப்பு உள்ள எவரும் திறக்கலாம் என்றோ தேர்ந்தெடுத்தவுடன், மாணவர்கள் பக்கத்தைப் புதுப்பித்தால் ஆவணம் திறக்கும். பள்ளியின் கணக்கு நிர்வாகி வெளிப் பகிர்வைத் தடைசெய்திருந்தால் இரண்டாம் தேர்வு உங்களுக்குக் கிடைக்காமலும் போகலாம். அப்போது அதை மீற வழி தேடாமல், மாணவர்களைப் பள்ளிக் கணக்கில் நுழையச் செய்வதே சரியானது.

ஒருவருக்கோ இருவருக்கோ மட்டும் வந்தால், பெரும்பாலும் அவர்களுடைய உலாவியில் இரண்டு கணக்குகள் திறந்திருக்கும். குடும்பத்தில் பலர் பயன்படுத்தும் கணினியில் முதலில் நுழைந்தவர் பெற்றோராக இருப்பார். இணைப்பை அழுத்தியதும் அந்தக் கணக்கின் வழியாகவே ஆவணம் திறக்க முயலும். திரையின் மேல் மூலையில் உள்ள படத்தை அழுத்திக் கணக்கை மாற்றச் சொல்லுங்கள். அந்த நேரத்தில் மாணவர் ‘அணுகல் கோரு’ என்பதை அழுத்திவிட்டால், உங்களுக்கு அறிமுகமில்லாத ஒரு முகவரியிலிருந்து கோரிக்கை மின்னஞ்சலாக வந்து சேரும். அவசரத்தில் அதை ஏற்றுக்கொள்ளாதீர்கள். ஏற்றுக்கொண்டால் அந்தப் பெற்றோரின் கணக்கு வகுப்பின் எழுத்து முழுவதையும் காணும் உரிமையைப் பெறும். பிற மாணவர்கள் அதற்கு இசைந்து எழுதவில்லை.

அரிதாக, ஒரே ஒரு கணினியில் ஆவணம் மட்டுமல்லாமல் எந்தத் தளமுமே பாதுகாப்பு எச்சரிக்கையோடு நின்றுவிடும். அந்தக் கணினியின் தேதியைப் பாருங்கள். உள்ளிருக்கும் சிறு மின்கலம் தீர்ந்துபோன பழைய கணினிகள், ஒவ்வொரு முறை இயக்கும்போதும் பல ஆண்டுகள் பின்னோக்கிய தேதியைக் காட்டும். தளங்களின் பாதுகாப்புச் சான்றிதழ்கள் குறிப்பிட்ட காலத்திற்கு மட்டுமே செல்லும் என்பதால், தேதி தவறான கணினி அவற்றை நம்ப மறுக்கிறது. தேதியைத் திருத்தினால் போதும்.

அறிகுறி: ஆவணம் திறக்கிறது, எழுத முடியவில்லை

எல்லாருக்கும் இப்படி என்றால், இணைப்பின் உரிமை ‘பார்வையாளர்’ என்று இருக்கிறது. அதை ‘எடிட்டர்’ என மாற்றவேண்டும். கைப்பேசியில் இருப்பவர்களுக்கு மட்டும் இப்படி என்றால், செயலி ஆவணத்தை வாசிக்கும் நிலையில்தான் திறக்கும் என்பதை நினைவுபடுத்தி, மூலையில் உள்ள பென்சில் குறியைத் தொடச் சொல்லுங்கள். தாம் எழுதுவதெல்லாம் வண்ணத்தில் தெரிகிறது, அழித்தால் அழியாமல் நடுக்கோடு விழுகிறது என்று ஒருவர் சொன்னால், அவர் ‘பரிந்துரைத்தல்’ முறையில் இருக்கிறார். கருவிப்பட்டையின் வலப்பக்கத்தில் ‘திருத்துதல்’ என்று மாற்றிக்கொண்டால் சரியாகிவிடும்.

மாணவர்களுக்குப் பணிகளைக் கொடுத்து வாங்கும் தளமான கூகுள் கிளாஸ்ரூம் வழியாகக் கொடுத்த பணி என்றால் வேறு இரண்டு காரணங்கள் உண்டு. கோப்பை இணைக்கும்போது, மாணவர்கள் பார்க்கலாம், மாணவர்கள் திருத்தலாம், ஒவ்வொரு மாணவருக்கும் ஒரு நகல் என்ற மூன்று தேர்வுகளில் முதலாவதே இயல்பாக நிற்கும். அதைக் கவனிக்காமல் பணியை வெளியிட்டுவிட்டால் எவராலும் எழுத முடியாது. தனி நகல் வேண்டும் என்பதை வெளியிட்ட பிறகு மாற்றிக்கொள்ள இயலாது. பணியை நீக்கிவிட்டு மீண்டும் கொடுக்கவேண்டும். இரண்டாவது காரணம், மாணவர் ஏற்கெனவே ‘சமர்ப்பி’ என்பதை அழுத்தியிருப்பது. சமர்ப்பித்த கோப்பில் மாணவர் எழுத முடியாது. அவர் சமர்ப்பிப்பைத் திரும்பப் பெறவேண்டும், அல்லது நீங்கள் அதைத் திருப்பி அனுப்பவேண்டும். எழுத்து முடியாமலே சமர்ப்பித்துவிட்டு, அதைச் சொல்லத் தயங்கி உட்கார்ந்திருக்கும் மாணவர் வகுப்பில் ஒருவராவது இருப்பார். சமர்ப்பிப்பைத் திரும்பப் பெறலாம் என்பதை முன்கூட்டியே எல்லாருக்கும் பொதுவாகச் சொல்லி வையுங்கள்.

பல வகுப்புகளைச் சேர்த்து ஒரே ஆவணத்தில் எழுதவைக்கும்போது மட்டும் தோன்றும் காரணம் ஒன்றும் இருக்கிறது. கூகுள் டாக்ஸில் ஒரே நேரத்தில் 100 பேர் வரைதான் ஒரு கோப்பில் பணியாற்ற முடியும். அதற்கு மேல் திறப்பவர்களுள் பலருக்கு ஆவணம் வாசிக்க மட்டுமே கிடைக்கும். இந்தக் கணக்கில் சேர்வது திறந்திருக்கும் தாவல்களும் சாதனங்களும். ஒரே மாணவர் கணினியிலும் கைப்பேசியிலும் திறந்திருந்தால் அது இரண்டாகும்.

அறிகுறி: எழுதியது காணாமல் போய்விட்டது

இந்த அறிகுறிக்குத்தான் அதிகப் பொறுமை வேண்டும். ஒரு மாணவர் இருபது நிமிடம் யோசித்து எழுதிய பத்தி திரையிலிருந்து மறைவது அவருக்குச் சிறிய இழப்பன்று; அந்த நேரத்தில் வகுப்பில் எழும் முதல் குரல் ‘யார் அழித்தது?’ என்பதாகவே இருக்கும். அந்தக் கேள்விக்கு விடை தேடுவதை ஒத்திவையுங்கள். முதலில் எழுத்தை மீட்கவேண்டும்.

எல்லாரையும் எழுதுவதை நிறுத்திக் கைகளை விசைப்பலகையிலிருந்து எடுக்கச் சொல்லுங்கள். எவரும் தாவலை மூடவோ பக்கத்தைப் புதுப்பிக்கவோ கூடாது. பிறகு, தவறுதலாக எதையேனும் தேர்ந்தெடுத்து அழித்ததாக நினைப்பவர் மட்டும் கன்ட்ரோல் விசையோடு இசட் விசையை ஒருமுறை அழுத்தட்டும் என்று கேளுங்கள். கூட்டு ஆவணத்தில் ‘செயல்தவிர்’ என்பது அவரவர் செய்ததை மட்டுமே திருப்பும்; பறிகொடுத்த மாணவர் எத்தனை முறை அழுத்தினாலும் பிறர் அழித்தது திரும்பி வராது. மாறாகத் தம்முடைய மீதி எழுத்தையே அவர் ஒவ்வொன்றாக இழப்பார். இது தெரியாததால் சிறிய இழப்பு பெரிய இழப்பாவதைப் பலமுறை கண்டிருக்கிறேன். அழித்தவர் அழுத்தினால், இடையில் மற்றவர்கள் எழுதியவை கெடாமல் அழிந்த பகுதி மட்டும் மீளும். எனவே இதுவே மிகக் குறைந்த சேதமுள்ள வழி.

எவரும் முன்வராவிட்டால், அல்லது அவர் தாவலை மூடிவிட்டிருந்தால், ‘கோப்பு’ பட்டியலில் உள்ள ‘பதிப்பு வரலாறு’ பக்கத்தைத் திறங்கள். எடிட்டர் உரிமை உள்ளவர்களுக்கே இது தெரியும். நேர வரிசையில் பதிப்புகள் நிற்கும். ஒவ்வொருவரின் மாற்றமும் ஒரு வண்ணத்தில் இருக்கும். இங்கே ‘இந்தப் பதிப்பை மீட்டமை’ என்ற பொத்தான் கண்ணில் பட்டதும் அழுத்திவிடாதீர்கள். அது ஆவணம் முழுவதையும் அந்த நேரத்திற்குக் கொண்டுபோகும். ஒருவரின் பத்தியை மீட்கப் போய், அதன் பிறகு முப்பது பேர் எழுதியதைத் திரையிலிருந்து அகற்றிவிடுவீர்கள். அவையும் வரலாற்றில் இருக்கத்தான் செய்யும், ஆனால் இரண்டாம் முறை வகுப்பு பதறுவது உறுதி. பழைய பதிப்பில் காணாமற்போன பத்தியை மட்டும் தேர்ந்தெடுத்து நகலெடுத்து, இப்போதைய ஆவணத்திற்குத் திரும்பி உரிய இடத்தில் ஒட்டுங்கள். ஆவணம் முழுவதுமே வெறுமையாகிப்போன நிலையில் மட்டும் ‘மீட்டமை’ பொருத்தமானது.

இனி, யார் அழித்தது என்ற கேள்வி. ஒருமுறை என் வகுப்பில் ஒரு குழுவின் அட்டவணை மறைந்துபோனது. அதற்கு முந்தைய வாரம் குறும்பு செய்த ஒரு மாணவரை, வரலாற்றைத் திறந்து பார்ப்பதற்கு முன்பே எல்லார் முன்னிலையிலும் கடிந்துகொண்டேன். அன்று மாலை பதிப்பு வரலாற்றைப் பார்த்தபோது, அட்டவணையை அகற்றியது என் கணக்கு என்று தெரிந்தது. பக்கத்தைச் சீர்செய்வதாக நினைத்து நானே அதைத் தேர்ந்தெடுத்து வெட்டியிருந்தேன். மறுநாள் அதே வகுப்பில் அந்த மாணவரிடம் மன்னிப்புக் கேட்டேன். அதிலிருந்து வரலாற்றைப் பார்க்காமல் ஒரு பெயரையும் உச்சரிப்பதில்லை. பார்த்த பிறகும் வரலாறு காட்டுவது எந்தக் கணக்கிலிருந்து மாற்றம் வந்தது என்பதை மட்டுமே என்பதை நினைவில் வைக்கிறேன். அந்தக் கணக்கு திறந்திருந்த கணினியில் யாருடைய கை இருந்தது, கை தவறியதா, வேண்டுமென்றே செய்ததா என்பனவற்றை அது சொல்லாது. கைப்பேசியில் உரையைத் தேர்ந்தெடுக்கும்போது அளவுக்கு மீறிய பகுதி தேர்வாகி ஒரே தொடுதலில் அழிவது அன்றாடம் நடக்கும் ஒன்று.

அடுத்த முறைக்கான தடுப்பு எளியது. வகுப்பு தொடங்கும் முன், நடுவில், முடியும்போது என மூன்று முறை, ‘தற்போதைய பதிப்புக்குப் பெயரிடு’ என்பதைப் பயன்படுத்திப் பதிப்புக்குப் பெயர் கொடுத்துவிடுங்கள். இடத்தை மிச்சப்படுத்துவதற்காகப் பழைய பதிப்புகளைக் கருவி ஒன்றாக இணைத்துவிடக்கூடும். பெயரிட்டு வைத்தால் எந்தப் பதிப்பு எந்தக் கட்டத்துக்கு உரியது என்பது மாதக்கணக்கானாலும் தெளிவாகத் தெரியும். இன்னொன்று: ஆவணத்தை நகலெடுத்தால் அந்த நகலுக்கு முந்தைய வரலாறு வராது. ‘பத்திரமாக இருக்கட்டும்’ என்று நகலெடுத்துவிட்டு மூல ஆவணத்தை நீக்கினால், யார் என்ன எழுதினார் என்ற பதிவையும் சேர்த்தே நீக்குகிறோம்.

அறிகுறி: தாம் எழுதுவது மற்றவர்களுக்குத் தெரியவில்லை என்று ஒருவர் சொல்கிறார்

முதலில் அவருடைய ஆவணத்தின் தலைப்பைப் பாருங்கள். ‘நகல்’ என்ற சொல் அதில் இருந்தால், அவர் தமக்கென ஒரு நகலை உருவாக்கி அதில் எழுதிக்கொண்டிருக்கிறார். கோப்பைப் பதிவிறக்கித் தம் கணினியில் எழுதுபவருக்கும் இதுவே நிலை. எழுதியதை நகலெடுத்து மூல ஆவணத்தில் ஒட்டச் சொல்லுங்கள்.

தலைப்பு சரியாக இருந்தால், அதன் அருகில் உள்ள மேகக் குறியையும் சேமிப்புச் செய்தியையும் பாருங்கள். ‘சேமிக்கப்பட்டது’ என்று இல்லாமல், இணைக்க முயல்வதாகச் செய்தி நின்றால், அவருடைய எழுத்து இன்னும் அந்தக் கணினியை விட்டு வெளியேறவில்லை. இந்த நிலையில் பக்கத்தைப் புதுப்பிப்பதுதான் பெரிய ஆபத்து. இணையம் இல்லாதபோதும் எழுத உதவும் ஆஃப்லைன் வசதியை முன்பே இயக்கியிருக்காவிட்டால், வெளியேறாத எழுத்து புதுப்பித்தலோடு போய்விடும். எழுதியதைத் தேர்ந்தெடுத்து வேறொரு குறிப்புச் செயலியில் ஒட்டி வைத்த பிறகே வைஃபையைத் தொடவேண்டும். பள்ளி வைஃபை சில மணி நேரத்திற்கு ஒருமுறை மீண்டும் நுழையச் சொல்வதாக அமைந்திருந்தால், நுழைவுக் காலம் முடிந்ததும் எந்த அறிவிப்பும் இல்லாமல் இணைப்பு அறுந்துவிடும். புதிய தாவலில் வேறு தளம் ஒன்றைத் திறக்க முயன்றால் நுழைவுப் பக்கம் தோன்றும்.

மைக்ரோசாஃப்ட் வேர்டில் இதே அறிகுறிக்கு வேறு காரணம் முதலில் நிற்கிறது. கணினியில் நிறுவிய வேர்டில் எழுதுபவர் தானியங்கிச் சேமிப்பை அணைத்து வைத்திருந்தால், அவர் சேமிக்கும்போதுதான் அவருடைய மாற்றங்கள் மற்றவர்களுக்குப் போகும். கோப்பு ஒன்டிரைவ் போன்ற இணையச் சேமிப்பில் இல்லாமல் கணினியின் வட்டில் இருந்தால் கூட்டாக எழுதவே முடியாது. பழைய ‘டாக்’ வடிவக் கோப்புக்கும் இது பொருந்தும். அதை ‘டாக்எக்ஸ்’ வடிவத்திற்கு மாற்றிச் சேமிக்கவேண்டும்.

அறிகுறி: எல்லாருக்கும் மெதுவாக இருக்கிறது

தட்டச்சு செய்த எழுத்துகள் அனுப்பப்படுவதற்கு மிகக் குறைந்த அளவே இணையம் தேவை. கனமானது, ஆவணம் முதன்முதலாகத் திறக்கும் கணம். நாற்பது கணினிகள் ஒரே நொடியில் திறந்தால் ஒரே வைஃபை நிலையம் திணறும். வரிசைவரிசையாகத் திறக்கச் சொல்லுங்கள். ஆவணத்தில் பெரிய படங்கள் ஒட்டப்பட்டிருந்தால் அவற்றைத் தனிக் கோப்புக்கு மாற்றி இணைப்பை மட்டும் வையுங்கள். பருவம் முழுவதற்கும் ஒரே ஆவணம் என்று நீட்டிக்கொண்டே போவது பழைய கணினிகளை முதலில் பாதிக்கும். அப்படிப்பட்ட கணினியை வைத்திருக்கும் மாணவருக்கு ஆவணம் திறப்பதற்குள் மற்றவர்கள் எழுதி முடித்துவிடுவார்கள். வாரத்துக்கு ஒரு ஆவணம் என்று பிரித்துக்கொள்வது நல்லது.

அறிகுறி: ஒருவர் மேல் ஒருவர் எழுதிப் பக்கம் குழம்புகிறது

இங்கே கருவி எதைச் செய்கிறது, எதைச் செய்யாது என்பதை அறிந்துகொள்வது பயன்தரும். இருவர் ஒரே நேரத்தில் மாற்றம் செய்யும்போது, ஒவ்வொரு மாற்றமும் ‘இந்த இடத்தில் இந்த எழுத்தைச் சேர்’ என்ற சிறு கட்டளையாகச் சேவையகத்துக்குப் போகிறது. முன்னால் ஒருவர் ஐந்து எழுத்துகளைச் சேர்த்திருந்தால், பின்னால் வரும் கட்டளையின் இடம் ஐந்து தள்ளிப் போகுமாறு திருத்தப்படுகிறது. எல்லிஸ், கிப்ஸ் என்ற இரு ஆய்வாளர்கள் 1989இல் முன்வைத்த இந்த முறையின் வழிவந்ததே கூகுள் டாக்ஸ் பின்பற்றும் முறை. எல்லார் திரையிலும் இறுதியில் ஒரே உரை நிற்கும் என்பதை அது உறுதிசெய்கிறது. அந்த உரை பொருளோடு இருக்கும் என்பதை எந்தக் கருவியும் உறுதிசெய்ய முடியாது. இருவர் ஒரே எழுத்துப்பிழையைக் கண்டு ஒரே நொடியில் விடுபட்ட எழுத்தைச் சேர்த்தால் அந்த எழுத்து இரட்டித்து நிற்கும். கருவி தன் வேலையைச் சரியாகவே செய்திருக்கிறது.

ஆகவே இதற்குத் தீர்வு பக்க அமைப்பில்தான் இருக்கிறது. வெற்றுப் பக்கத்தை நாற்பது பேரிடம் கொடுக்காதீர்கள். மாணவர் பெயர்களை ஒரு நெடுவரிசையிலும், விடைக்கான வெற்றுக் கட்டங்களை அடுத்த நெடுவரிசையிலும் கொண்ட அட்டவணையை முன்பே இட்டு வைத்தால், ஒவ்வொருவரும் தம் கட்டத்தில் மட்டும் எழுதுவர். நெருக்கடி உடனே குறையும். குழுப் பணியாக இருந்தால் கூகுள் ஸ்லைட்ஸில் குழுவுக்கு ஒரு பக்கம் என்று ஒதுக்குவது இதைவிடச் சிறந்தது, ஏனெனில் ஒரு பக்கத்தில் எழுதுவது மற்றொரு பக்கத்தை நகர்த்தாது. ஒவ்வொருவருக்கும் தனி ஆவணம் தேவை, ஆனால் கிளாஸ்ரூம் இல்லை என்றால், ஆவணத்தின் இணைய முகவரியில் கடைசியாக ஆங்கிலத்தில் நிற்கும் ‘எடிட்’ என்ற சொல்லையும் அதன் பின்னுள்ளவற்றையும் நீக்கி, அவ்விடத்தில் ஆங்கிலத்தில் ‘காப்பி’ என்று எழுதி அனுப்புங்கள். திறப்பவர் தமக்கென ஒரு நகலை எடுத்துக்கொள்ளுமாறு கேட்கப்படுவார்.

இந்த நகர்தல் சில மாணவர்களுக்குக் கடும் இடைஞ்சல். மேலே ஒருவர் எழுத எழுதக் கீழே உள்ள வரிகள் இறங்கிக்கொண்டே போகும். மெதுவாக வாசிப்பவர், எழுத்தைப் பெரிதாக்கி வாசிப்பவர், திரைவாசிப்பான் துணையோடு வாசிப்பவர் ஆகியோர் தாம் இருந்த இடத்தை மீண்டும் மீண்டும் தொலைப்பர். அவர்கள் ‘எனக்குப் புரியவில்லை’ என்று சொல்வார்களே தவிர ‘வரி நகர்கிறது’ என்று சொல்லமாட்டார்கள். அவர்களுக்கு அட்டவணையின் முதல் வரிசையைக் கொடுங்கள், அல்லது தனி ஆவணத்தில் எழுதி இறுதியில் ஒட்டும் உரிமையைக் கொடுங்கள். எல்லாருக்கும் ஒரே முறை என்ற பிடிவாதம் இங்கே நியாயமாகாது.

அட்டவணைக் கருவியான கூகுள் ஷீட்ஸில் இதே குழப்பம் வேறு வடிவில் வரும். ஒருவர் தம் பெயரைத் தேடுவதற்காக வடிகட்டியை இயக்கினால், எல்லார் திரையிலும் பிற வரிசைகள் மறையும். ஒருவர் அகர வரிசைப்படுத்தினால் எல்லாருக்கும் வரிசை மாறும். தம் தரவு போய்விட்டது என்று கூச்சல் எழும்போது முதலில் வடிகட்டி இயங்குகிறதா என்று பாருங்கள். தனியாகத் தேட விரும்புவோர் ‘வடிகட்டிக் காட்சி’யைப் பயன்படுத்தினால் பிறருக்குப் பாதிப்பில்லை. தலைப்பு வரிசையையும் கணக்கீட்டுக் கட்டங்களையும் பிறர் மாற்ற முடியாதபடி வரம்புப் பாதுகாப்பால் பூட்டி வைப்பது முன்கூட்டியே செய்யவேண்டியது.

அறிகுறி: யார் எழுதுகிறார் என்று தெரியவில்லை, பெயர்களுக்குப் பதிலாக விலங்குகள் தோன்றுகின்றன

இணைப்பு உள்ள எவரும் எழுதலாம் என்று பகிர்ந்த ஆவணத்தைக் கணக்கில் நுழையாமல் திறப்பவர்கள், பெயரற்ற விலங்குகளாகக் காட்டப்படுவர். பொருத்தமற்ற சொற்கள் தோன்றுவது பெரும்பாலும் இந்த நிலையில்தான். பகிர்வைப் பள்ளிக் கணக்குகளுக்கு மட்டும் என்று மாற்றிவிட்டால் பெயர்கள் வந்துவிடும். பெயரின்மையே நல்லது என்னும் வேளைகளும் உண்டு: கூச்சமுள்ள வகுப்பில் ஐயங்களைத் திரட்டும்போது பெயர் தெரியாதிருப்பதே கேள்விகளை வரவழைக்கிறது. ஆனால் அதை அமைப்புப் பிழையின் விளைவாக விட்டுவிடாமல், நீங்கள் தேர்ந்தெடுத்து, மாணவர்களிடமும் சொல்லிச் செய்யவேண்டும்.

வகுப்பில் இல்லாத எவரோ உள்ளே வந்துவிட்டார் என்று ஐயம் எழுந்தால், ஒவ்வொருவராக நீக்க முயலாமல் உடனே பகிர்வைக் ‘கட்டுப்படுத்தப்பட்டது’ என மாற்றி எல்லாரையும் வெளியேற்றிவிட்டு, பின்னர் உரிய கணக்குகளுக்கு மட்டும் திறங்கள். எடிட்டர்கள் உரிமைகளை மாற்றவும் பிறரைச் சேர்க்கவும் இயலும் என்ற தேர்வு இயல்பாகவே இயங்கியிருக்கும். பகிர்வுச் சாளரத்தின் அமைப்புகளில் அதை அணைத்து வையுங்கள்.

அறிகுறி: தமிழ் உரை சிதைந்து தெரிகிறது, தேடினால் கிடைப்பதில்லை

மாணவர் ஒட்டிய பகுதி ஆங்கில எழுத்துகளும் குறிகளும் கலந்த குவியலாகத் தெரிந்தால், அது பாமினி போன்ற பழைய எழுத்துருக் குறியீட்டில் தட்டச்சான உரை. அந்த எழுத்துரு இல்லாத இடத்தில் அது தமிழாகத் தோன்றாது. எழுத்துருவை நிறுவுவதைவிட, இணையத்தில் உள்ள எழுத்துரு மாற்றி ஒன்றின் வழியாக, எல்லாக் கருவிகளுக்கும் பொதுவான குறியீடான யூனிகோடுக்கு மாற்றி ஒட்டுவதே நிலையான தீர்வு.

இதைவிட நுட்பமானது, கண்ணுக்குச் சரியாகத் தெரிந்தும் தேடலில் அகப்படாத சொல். ‘கௌ’ என்பதை ஔகாரக் குறியால் எழுதாமல், ஒற்றைக்கொம்பை இட்டு, ககரத்தின் பின் ளகர எழுத்தைச் சேர்த்து எழுதினால் பார்வைக்கு ஒன்றுபோல இருக்கும். கணினிக்கு அவை வெவ்வேறு சொற்கள். ‘ஔ’ என்ற தனி எழுத்துக்குப் பதிலாக ‘ஒ’வையும் ‘ள’வையும் அடுத்தடுத்து இடுவதும் இத்தகையதே. வகுப்பு சேர்ந்து ஒரு சொற்பட்டியலைத் தொகுக்கும்போது ஒரே சொல் இரு இடங்களில் வருவதற்கு இது அடிக்கடி காரணமாகிறது. ‘கண்டறிந்து மாற்றியமை’ வசதியால் ஒரே முறையில் எல்லாவற்றையும் சீராக்கலாம். ஆனால் அதை வகுப்பு எழுதிக்கொண்டிருக்கும்போது செய்யாமல், முடிந்த பிறகு செய்யுங்கள்.

அறிகுறி: ஒருவர் எழுத, மற்றவர்கள் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள்

கருவியில் எந்தப் பழுதும் இல்லாமலே நேரும் இந்த நிலையை நான் பழுதாகவே எண்ணுகிறேன். விரைவாகத் தட்டச்சு செய்பவர் குழுவின் பக்கத்தை நிரப்பிவிடுவார். மற்ற மூவரும் அவர் சுட்டி ஓடுவதைப் பார்ப்பார்கள். இதைப் பதிப்பு வரலாற்றின் வண்ணங்களை எண்ணிக் கண்டுபிடித்து மதிப்பெண்ணைக் குறைப்பது எளிது, ஆனால் பெரும்பாலும் தவறு. பேசி முடிவெடுத்ததை ஒருவர் எழுதியிருக்கலாம். வேறிடத்தில் எழுதிக் கொண்டுவந்து ஒட்டியிருக்கலாம். ஒரே நிமிடத்தில் ஒரு முழுப் பத்தி தோன்றியிருந்தால், ‘இதை எங்கே எழுதினீர்கள்?’ என்று கேட்பதற்கு அது காரணமாகலாம், குற்றச்சாட்டுக்குச் சான்றாகாது.

பயன் தரும் மாற்றம், பணியைப் பிரிப்பதில் இருக்கிறது. முதல் பத்து நிமிடம் ஒவ்வொருவரும் தத்தம் கட்டத்தில் எழுதவேண்டும். அடுத்த கட்டத்தில் ஒவ்வொருவரும் தம் அருகில் இருப்பவரின் எழுத்தைத் தொடாமல், கருத்துரையாகவோ பரிந்துரையாகவோ மட்டும் பதிலளிக்கவேண்டும். கடைசியில்தான் குழு சேர்ந்து ஒரே உரையாக்கவேண்டும். பிறர் எழுதியதில் நேரடியாகக் கைவைக்காமல் பரிந்துரைப்பது மாணவர்களுக்குப் பழக்கமாகிவிட்டால், முன்னே சொன்ன அழிவுகளும் தாமாகக் குறைகின்றன. என் வகுப்புகளில் மிகப் பெரிய முன்னேற்றத்தைத் தந்தது இந்த ஒரே மாற்றம்தான். பேசத் தயங்கும் மாணவர் தம் கட்டத்தில் எழுதியதற்கு மூன்று பேர் பதில் எழுதியிருப்பதைக் காணும்போது அடுத்த முறை இன்னும் இரண்டு வரி கூடுதலாக எழுதுகிறார்.

கருத்துரைகள் வாக்குவாதமாக நீண்டால், அவற்றை அழிக்காமல் ‘தீர்க்கப்பட்டது’ எனக் குறியுங்கள். பக்கத்திலிருந்து மறையும், பதிவில் இருக்கும்.

அறிகுறி: சில மாதங்கள் கழித்து ஆவணமே இல்லை

குழுவில் ஒரு மாணவர் தம் கணக்கில் உருவாக்கிய ஆவணம் அவருக்கே உரியது. அவர் அதைக் குப்பைக்கு அனுப்பினால் 30 நாளில் நிலையாக நீங்கிவிடும். அதற்குள் என்றால் அவரைக் கேட்டு மீட்டுக்கொள்ளலாம். அவர் பள்ளியை விட்டுச் சென்று கணக்கு மூடப்பட்டால், நால்வரின் உழைப்பும் அதனோடு போய்விடக்கூடும். கோப்புறையிலிருந்து மட்டும் அகன்றிருந்தால் பதற்றம் வேண்டாம். உலாவியின் வரலாற்றிலோ பழைய மின்னஞ்சலிலோ உள்ள இணைப்பைத் திறந்து பார்த்தால் பெரும்பாலும் ஆவணம் திறக்கும். இனிவரும் பணிகளுக்கு ஆவணத்தை நீங்களே உருவாக்கி மாணவர்களுக்குப் பகிருங்கள். ஆண்டு முடிவதற்கு ஒரு மாதம் முன்பே, தாம் எழுதியவற்றின் நகலை எடுத்துக்கொள்ளுமாறு மாணவர்களிடம் சொல்லி, அதற்கென ஒரு பாடவேளையில் கால்மணி நேரத்தை ஒதுக்குங்கள். பள்ளிக் கணக்கு மூடப்பட்ட மறுநாள் வந்து கேட்கும் மாணவருக்கு நம்மால் எதையும் மீட்டுக் கொடுக்க இயலாது.